பெட்டிக்குள் இருக்கும் சாவி

போன மாதம் என் பழைய லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஏற்றப் பார்த்தேன். லேப்டாப்பில் ஓடுவது டெபியன் 11. நான் இறக்கியதோ உபுண்டுவுக்காகக் கட்டிய பொதி. இரண்டும் ஒரே குடும்பம்தானே என்ற மெத்தனம். பொதியைப் பிரிக்கும் டிபிகேஜி என்ற நிரல், "இந்தச் சுருக்க முறை எனக்குத் தெரியாது" என்ற பொருளில் பிரெஞ்சில் கைவிரித்துவிட்டது. (படித்த பாசத்தில் கணினியைப் பிரெஞ்சில் வைத்திருக்கிறேன்.) தவறு என்னுடையதுதான்.

ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. பொதி பிரிக்கும் நிரலுக்கும் புதுப் பதிப்பு வருமே, அதுவும் பொதியாகத்தானே வரும்? அந்தப் பொதியைப் புது முறையில் கட்டிவிட்டால் பழைய நிரல் எப்படிப் பிரிக்கும்? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

தேடிப் படித்தேன். உபுண்டுவில் அந்தப் புது முறையில் பொதி கட்டத் தொடங்கியது 2021-இல், 21.10 பதிப்பில். ஆனால் பிரிக்கும் வித்தையை 2018-இல் வந்த 18.04-க்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். டெபியனும் 12-ஆம் பதிப்பில் அதைப் பிரிக்கக் கற்றுக்கொண்டது. தன் பொதிகளை மட்டும் பழைய முறையிலேயே கட்டுகிறது. ஃப்ரீபிஎஸ்டி வழி வேறு. அடிப்படை அமைப்பில் ஒரு சின்ன நிரல்தான் இருக்கும். உண்மையான பொதி மேலாளரைக் களஞ்சியத்திலிருந்து வரவழைத்து, கையொப்பம் சரிபார்த்து நிறுவுவதே அதன் வேலை. பிறகு மேம்படுத்தும்போதெல்லாம் மேலாளர் முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டுதான் மற்றதைத் தொடும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

என் லேப்டாப்புக்கு வருவோம். 13 வந்துவிட்டதே, நேரே தாவிவிடலாமா என்று ஆசை. டெபியனில் அது கூடாது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். அலுவலகத்தில் விதிப் புத்தகத்துக்கு வரும் திருத்தச் சீட்டுகள் நினைவுக்கு வந்தன. வரிசை எண் பார்த்து ஒட்ட வேண்டும். ஒருமுறை ஒரு சீட்டை விட்டுவிட்டு அடுத்ததை ஒட்டினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கால், ஓய்வு பெற்ற கடைநிலை ஊழியர் ஒருவரின் கோப்பு நாலு மாதம் அலைந்தது. அவர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலில் 12-க்கு ஏற்றினேன். மத்தியானம் ஆகிவிட்டது. 13 அடுத்த வாரம்.