கொட் மீனின் கரையில்

சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெயை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அந்த எண்ணெய்க்குப் பேர்போனது கொட் என்னும் மீனின் ஈரல். எமது கடலில் இந்த மீன் கிடையாது. குளிர்ந்த வடகடல்களில்தான் அது வாழும். பசிபிக்கிலும் ஓர் இனம் உண்டு என்றாலும், சரித்திரத்தில் இடம்பிடித்தது அத்திலாந்திக் கொட்தான். கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவு இந்த மீனாலேயே உண்டான நாடு. அங்கே பழைய ஆட்கள் ‘மீன்’ என்று சொன்னால் அது கொட் ஒன்றையே குறிக்கும். மற்றவற்றைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தீவின் தலைநகரான சென். ஜோன்ஸுக்கு அருகில் பெற்றி ஹாபர் என்றொரு சிறிய மீன்பிடி ஊர். கோடைகாலத்தில் அங்கு போயிருந்தேன். கோடை என்பது பெயருக்குத்தான். சால்வை இல்லாமல் துறையில் நிற்க முடியவில்லை. இருபுறமும் பாறை மலைகள், நடுவே ஒடுங்கிய துறைமுகம், தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் கொட்டில்கள். இவ்வூரவர் வெகுகாலமாகவே தமது கடலில் செவுள் வலை போட விடுவதில்லை. கைத்தூண்டில்தான் இங்கு பெரிய ஆயுதம்.

1497இல் ஜோன் கபொட் இப்பக்கம் வந்தபோது கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்று கதை பரவியது. அதன்பின் ஐரோப்பாவுக்குப் போன கருவாட்டுக்குக் கணக்கில்லை. அந்தக் கருவாட்டின் பெரும்பகுதி பெண்களின் கைவேலை. ஒருவர் கழுத்தை அறுக்க, ஒருவர் தலையையும் குடலையும் எடுக்க, ஒருவர் நடுமுள்ளை நீக்கிப் பிளக்க, ஒருவர் உப்பிடுவார். பிறகு தடிகளால் கட்டிய பரண்களில் விரித்துக் காயவிட வேண்டும். மழை குணம் தெரிந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் குவித்து மூடவேண்டும். கருவாடு போட்ட கைகளுக்கு இது புதினமல்ல. பருவ முடிவில் வியாபாரி வந்து தரம் பிரிப்பார். காசு கைக்கு வராது. அவருடைய கடையில் வாங்கிய மாவுக்கும் சீனிக்கும் கழிந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இருப்பதோ கணவனின் பெயர். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும்.

1950களில் ஐரோப்பாவிலிருந்து பெரிய இழுவைக் கப்பல்கள் வரத் தொடங்கின. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் மிதக்கும் தொழிற்சாலைகள் அவை. 1968இல் மாத்திரம் 8 லட்சம் தொன்னுக்கு மேல் வடபகுதிக் கொட் பிடிக்கப்பட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அந்நியக் கப்பல்களை வெளியேற்றியது. அதோடு மீன் தப்பியிருக்க வேண்டும். ஆனால் தானே இழுவைக் கப்பல்களைப் பெருக்கி, முட்டையிடக் கூடும் மீன்கூட்டங்களைக் குளிர்காலத்திலேயே வாரியது. இந்த மீன் தாயாவதற்கே ஐந்து, ஆறு வருடம் செல்லும். வயதான பெரிய தாய்மீன்தான் லட்சக்கணக்கில் முட்டையிடும். வலைக்கு முதலில் போனதும் அதுதான்.

கரையோரச் சிறு மீனவர் 1980களிலேயே மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று முறையிட்டனர். அதிகாரிகளோ இழுவைக் கப்பல்களுக்கு நிறைய மீன் படுவதைக் காட்டினர். மீன் குறையக் குறைய மிஞ்சியது ஓரிடத்தில் நெருங்கிக் கூடும். கருவி வைத்துத் தேடும் கப்பலுக்கு அது கடைசிவரை படும். கரைக்கு வராத மீனைக் கரையில் நின்றவர்கள்தான் முதலில் அறிந்தார்கள். அவர்களுடைய சொல் ஏறவில்லை.

அந்த வருடங்களில்தான் எமது கதையும் அக்கடலில் ஒருதரம் கலந்தது. 1986 ஓகஸ்ட் 11இல், சென். ஷொட்ஸ் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கண்டவர் கஸ் டோல்ட்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர். மற்றப் படகுகளையும் அழைத்து, அத்தனை பேரையும் ஏற்றினார்கள்.

ஆறு வருடங்களின் பின் மீனவர்கள்தான் கரையில் நின்றார்கள். 1992 யூலை 2ஆம் திகதி மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி வடபகுதிக் கொட் பிடிக்கத் தடை விதித்தார். இரண்டு வருடத்துக்கு என்றார். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். வாரம் 225 டொலர் நிவாரணம் என்றதும் மீனவர் கொதித்து மண்டபக் கதவை உடைக்கப் பார்த்தனர். பின்னர் தொகை கூட்டப்பட்டது. கடலுக்குப் போகத் தடை என்றால் அடுப்பு என்ன பாடுபடும் என்பதை வடக்கு, கிழக்குக் கரையோரப் பெண்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. எமது கடலில் மீன் இருந்தது, போக விடவில்லை. அங்கே போக வழியிருந்தது, மீன் இல்லை.

செய்திப் படங்களில் வந்தவர்கள் அநேகமாக ஆண்கள். மீன் பதனிடும் ஆலைகளில் வரிசையாக நின்று மீன் வெட்டிய பெண்களும் அதே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் பள்ளிக்கூடம் போய் விட்ட படிப்பைத் தொடர்ந்தனர். பலருடைய பிள்ளைகளும் கணவன்மாரும் வேலை தேடி வேறு மாகாணங்களுக்குப் போயினர். 1991இல் 568,000 ஆக இருந்த மாகாணத்தின் சனத்தொகை 2001இல் 513,000 ஆகக் குறைந்தது. பின்னர் நண்டும் இறாலும் கைகொடுத்தன. ஆனால் நண்டு எல்லா ஊரையும் தூக்கிவிடவில்லை.

இரண்டு வருடம் என்ற தடை 32 வருடம் நீண்டது. 2024 யூனில் அரசு அதை நீக்கி, அவ்வருடத்துக்கு 18,000 தொன் என்று அளவு குறித்தது. 8 லட்சம் எங்கே, 18,000 எங்கே! மீனவர் சங்கம் மகிழும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சங்கமோ எதிர்த்தது. காரணம், இழுவைக் கப்பல்களுக்கும் பங்கு கொடுத்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கடலடியை வாரும் இழுவைமடி இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்பும் பாக்குநீரிணையில் ஓயாதிருப்பதைப் பார்ப்பவர்கள் அல்லவா நாம்.

வீட்டுத் தேவைக்குப் பிடிக்க அங்கே கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சில வாரங்கள் விடுகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன், படகுக்கு அதிகபட்சம் பதினைந்து. பெற்றி ஹாபரில் துறைமேடையில் ஒரு வயதான பெண்மணி அப்படிப் பிடித்த மீனை வெட்டிக்கொண்டு நின்றார். கத்தி மூன்று தரந்தான் போனது. நடுமுள் தனியே வந்துவிட்டது. தலையை எறியவில்லை. நாக்கைத் தனியே அறுத்து ஒரு சட்டியில் போட்டார். பொரித்தால் அதுதான் ருசி என்றார்.