கறுப்பைத் தேடும் ஒளி

மே 10
அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பையிலிருந்து முதலில் எடுத்தது கைக்கடக்கமான ஒரு வெள்ளைக் கருவி. “சித்தி, இனிமே வேக்சிங் வலி கிடையாது. லைட் அடிச்சா போதும்” என்றாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியதாம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் என் கை தானாகத் தாடைக்குப் போனது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். வெயிலில் கருத்துப்போன முகத்தோடு ஒரு பார்லரில் லேசர் செய்துகொண்டேன். வெயிலில் இருந்தீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. தாடையில் வரிவரியாகச் சுட்ட தடம். அது மங்க எட்டு மாதம் ஆயிற்று.

“இன்னைக்கு வேண்டாம்டி. முதல்ல கூட வந்த தாளைப் படிப்போம்” என்றேன்.

மே 11
இருவரும் உட்கார்ந்து படித்தோம். இது ஐபிஎல் கருவி. லேசர் ஒரே அலைநீளத்தில் பாயும். இது பல அலைநீளங்கள் கலந்த ஒளியைப் பளிச்சென்று வெட்டும். முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சூடு வேர்வரை இறங்கி வளர்ச்சியை முடக்குகிறது. 1983-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்த முறைக்கு அடிப்படை. அலைநீளமும் துடிப்பின் நேரமும் சரியாக அமைந்தால், நிறமுள்ள இடத்தை மட்டும் சுட்டுவிட்டுச் சுற்றியுள்ள திசுவைக் காப்பாற்றலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் அதே மெலனின்தான் நம் தோலிலும் இருக்கிறது. ஒளிக்குக் கறுப்பு தெரியும்; அது முடியா, தோலா என்று தெரியாது. வெளுத்த தோலில் ஒளி நேரே முடிக்குப் போகும். கருத்த தோலிலோ வழியிலேயே தோல் அதை வாங்கிக்கொள்கிறது. கொப்புளமும் கருந்தடமும் வருவது அப்படித்தான். என் தாடைக்கு நடந்தது என்ன என்று இன்றுதான் முழுதாகப் புரிந்தது.

மே 12
தாளில் ஆறு நிறக் கட்டங்கள். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த அளவுகோலின் வழி வந்தவை. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே வகை பிரித்தார். பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு எனப் பின்னால் சேர்ந்தன. ஜன்னலோரம் நின்று ஒப்பிட்டோம். முழங்கையின் உட்பக்கம் நான்கு, வெளிப்பக்கம் ஐந்து, அக்குள் இன்னும் கறுப்பு. ஒரே உடம்பில் மூன்று நிறம். இவள் கருவிக்கு ஐந்து வரைதான் அனுமதி. அக்குளை அப்போதே விலக்கினோம்.

மே 14
தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறாள் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. அந்த மாத்திரை தோலை ஒளிக்குக் கூசவைக்கும். முடித்த பிறகு, தான் சொல்லும் நாளில்தான் தொடங்க வேண்டும் என்றார்.

மோவாயில் முடி தடித்து வளர்வதையும் மாதவிலக்கு தள்ளிப்போவதையும் கேட்டு, பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹார்மோன் வளர்க்கிற முடியை ஒளி மட்டும் நிறுத்தாது. முகத்தில் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம் என்றார். நம் நிறத்துப் பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும் மெல்லிய முடி ஒளி பட்டுத் தடித்துவிடுவதும் உண்டு. தேவைப்பட்டால் 1064 நானோமீட்டர் லேசரை மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும்.

ஜூன் 22
மாத்திரை முடிந்து, மருத்துவர் சொன்ன நாளும் வந்தது. இன்று தோலில் சோதனை. முந்தின நாள் ரேசரால் மழித்திருந்தாள். வேக்சிங் செய்தால் வேரே போய்விடும். அப்புறம் ஒளி எதைச் சுடும்? எண்ணெய், மஞ்சள், சென்ட் எதுவும் இல்லாத காய்ந்த தோல். கெண்டைக்காலில் ஒரே ஒரு ஒளிவெட்டு, மிகக் குறைந்த அளவில். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனால் பொறுத்தாள்.

ஜூன் 24
சிவப்போ எரிச்சலோ இல்லை. கால்களில் மட்டும் தொடங்கினாள். ஒரே இடத்தில் இரண்டாவது வெட்டு இல்லை. மச்சத்தை ஒரு விரல் தள்ளியே விட்டாள். இளஞ்சூடு சரி, சுரீரென்றால் நிறுத்திவிட வேண்டும். வெளியே போனால் காலை மூடும் உடை. அடுத்த முறை இரண்டு வாரம் கழித்து.

ஆகஸ்ட் 19
ஹாஸ்டலிலிருந்து பேசினாள். ஐந்தாம் முறை முடிந்ததாம். முடி குறைந்திருக்கிறது, ஆனால் திட்டுத்திட்டாக. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் பருவத்தில் இருப்பதுதான் ஒளிக்கு அகப்படும். முழுக்கப் போய்விடாது, குறையும். விட்டால் திரும்பவும் வரும். இதை அவளே எனக்கு விளக்கினாள்.

அறைத்தோழி கருவியை இரவல் கேட்டாளாம், புருவத்துக்கு நடுவில் அடிக்க. “கண் பக்கமே கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன் சித்தி. கண்மணியைச் சுத்தி இருக்கிற வளையத்துலயும் அதே மெலனின்தானே. காலுக்குன்னா தரேன்னேன். ஆனா தர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேன்.”

“என்ன கேட்டே?”

“இந்த வாரம் வெயில்ல இருந்தியான்னு.”