எழுதும் முன் அழகிரிசாமி

கதை எழுத உட்காரும் முன் பெரும்பாலும் கு. அழகிரிசாமியைத்தான் எடுக்கிறேன். புதுமைப்பித்தனின் வேகமும் மௌனியின் மூட்டமும் பிடிக்கும். ஆனால் அவர்களைப் படித்த கையோடு எழுதினால் அவர்கள் குரல் என் வரிகளில் ஏறிக்கொள்ளும். இவர் அப்படி ஏறுவதில்லை.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முந்தைய இரவு ஓர் அநாதைச் சிறுவன் ஏழை வீட்டுக்கு வருகிறான். அந்த வீட்டுத் தலைவி தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். உடுத்தக் கொடுக்க, கணவனுக்கென்று வாங்கிய துண்டு மட்டும்தான் இருக்கிறது. அவளுக்குள் ஒரு தயக்கம் வருகிறதே, அங்கேதான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கருணையை அவர் புகழவே இல்லை. அந்த வீட்டில் ஒரு துண்டு என்றால் என்ன என்பதை உணர்த்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கி. ராஜநாராயணனுக்கும் அவருக்கும் ஒரே ஊர், இடைசெவல். ஒரே கரிசல், இரண்டு வேறு காதுகள்! அழகிரிசாமி கார்க்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும்கூட.

எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகள் கேட்டால் ‘அன்பளிப்பு’ தொகுப்பைச் சொல்கிறேன். 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. குழந்தைகளின் மனத்தாங்கலை இவ்வளவு மரியாதையோடு எழுதியவர்கள் தமிழில் மிகக் குறைவு.