சேற்றில் இறங்கும் சக்கரம்

வாசகர்களே, கோலசிலாங்கூர் போனால் மெலாவத்தி குன்றில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கோடு திரும்பிவிடாதீர்கள். பெஸ்தாரி ஜெயாவரை, அதாவது 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த ஊர்வரை, உள்ளே வாருங்கள். 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வாணிபத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான். பெயரில் தென்னை, நட்டது செம்பனை!

கடலோரத் தோட்டங்களில் களிமண். மழைக்காலத்தில் குலை ஏற்றும் டிரெய்லரின் அச்சுவரை சேறு ஏறும். ஓடிச் சூடான ஹப் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் மோர்போல வெளுக்கும். பேரிங் உருளைகள் துருப்பிடிக்கும். ஆற்றுமுகத்து உப்புநீர் என்றால் இன்னும் சீக்கிரம். கடைசியில் பேரிங் உடைந்து சக்கரம் கழன்றால், டிரெய்லர் கால்வாயில் சரியும். குலைமேல் உட்கார்ந்து வருபவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே நீரில் இறக்குமுன் சற்று ஆறவிடச் சொல்லுங்கள். கிரீஸ் வெளுத்திருந்தால் மேலே புதிதாக அப்புவது வீண். பழையதை முழுதும் கழுவி, உலர்த்தி, தண்ணீர் தாங்கும் கிரீஸை உருளைகளின் இடுக்கில் அழுத்தி நிரப்ப வேண்டும். சீலும் புதிதாக வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்காத சிக்கனம். வண்டி கழுவும்போது வேகமான நீரைச் சீலின்மேல் அடிக்காதீர்கள். வாரம் ஒருமுறை சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், அன்றைய குலை வேறு டிரெய்லரில் போகட்டும்.