புதிய காரா, பழைய காரா?

தோட்டத்தில் கார் என்றாலே துரையும் பெரிய கிராணியும்தான் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. நம் தந்தையர் பால்மரக் காட்டுக்குச் சைக்கிளில் போனார்கள். பிறகு கொஞ்சம் கை நிமிர்ந்ததும் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வந்தது. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994இல் பெரோடுவா கன்சில் வந்தது. அதன் பின்னர் உழைக்கும் குடும்பத்துக்கும் கார் எட்டும் பொருளாயிற்று. இன்று லயத்து வீடுகளின் முன்னாலும் கார்கள் நிற்கின்றன. நல்லதுதான். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்ற தாய்மார்களை அறிந்தவர் எவரும் இதைக் குறை கூற மாட்டார்.

ஆனால் கார் வாங்குவது வேறு. வாங்கிய காரைக் கட்டி முடிப்பது வேறு. தோட்டப் பள்ளி ஆசிரியர் என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வீட்டுக்கு வரும் மலாய், ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்வதும் நம் வேலைதான். அப்படி என்னிடம் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கார்க் கடன் பற்றியவை. தொடர்ந்து இரண்டு மாதத் தவணை நின்றுவிட்டது, பணம் கட்டாவிட்டால் வாகனத்தை எடுத்துக்கொள்வோம் என்று வங்கி அனுப்பும் முன்னறிவிப்புகள் அவை. அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்லும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கவே மனம் வராது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் பாட்டன்மார் தோட்டத்தில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். அதோடு நில்லாமல், இந்த மாட்டுக்கு நம்மால் தீனி போட முடியுமா என்றும் பார்ப்பார்கள். காருக்கும் இந்த இரண்டு பார்வையும் வேண்டும். பல்லைப் பார்ப்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தீனிக் கணக்கு.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு இருக்கும் என் தாயார். 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்களிடமிருந்த சிறிய கார் ஓய்ந்துபோனது. தாயார் ஏறி இறங்கவும், பின்னால் மூவர் நெருக்கமின்றி இடைவார் போட்டு உட்காரவும் ஏற்ற நடுத்தர அளவுக் கார் வேண்டும் என்று முடிவு செய்தோம். பின் இருக்கையிலும் இடைவார் கட்டாயம் என்பது 2009 ஜனவரி முதல் நம் நாட்டில் சட்டம். ஐந்து பேர் காரில் ஏழு பேரைத் திணித்துக்கொண்டு கோயிலுக்குப் போவது பக்தி ஆகாது.

புதிதா, பழையதா என்ற பேச்சு வந்ததும் நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். கார்க் கடனுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகளாக வட்டி போட்டு வந்த முறை எளிமையானது. தொடக்கத்தில் வாங்கிய கடன் முழுவதற்கும், கடன் குறையக் குறையவும் குறையாமல், எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே வட்டி. ஆகவே 3 விழுக்காடு என்பது காதுக்குச் சிறியதாகத்தான் இருக்கும். கணக்கைப் போட்டால்தான் அதன் கனம் தெரியும்.

80,000 வெள்ளிப் புதுக் கார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 8,000. கடன் 72,000. வட்டி 3 விழுக்காடு. தவணைக் காலம், அனுமதிக்கப்படும் முழு அளவான 9 ஆண்டு. வட்டி மட்டும் 19,440 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 847 வெள்ளி, 108 மாதங்கள்.

இப்போது 40,000 வெள்ளிக்கு அதே அளவுள்ள, ஐந்தாண்டு ஓடிய பழைய கார். முன்பணம் 4,000. கடன் 36,000. பழைய காருக்கு வட்டி கூடுதலாக இருக்கும். 4 விழுக்காடு என்று போடுவோம். 5 ஆண்டில் வட்டி 7,200. மாதம் 720 வெள்ளி, 60 மாதங்கள். பழைய கார் ஆயிற்றே, பழுது வரும் என்பீர்கள். மெய்தான். அதற்கு மாதம் 150 வெள்ளி தனியே எடுத்து வையுங்கள். ஆக மொத்தம் 870.

பார்த்தீர்களா? மாதச் செலவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடே இல்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது? முடியும் நாளில் இருக்கிறது. பழைய கார் வாங்கியவருக்கு அறுபதாவது மாதத்தோடு தவணை தீர்ந்தது. புதுக் கார் வாங்கியவருக்கு இன்னும் 48 மாதங்கள், 40,000 வெள்ளிக்கு மேல் பாக்கி. ஒரு பிள்ளையின் மேற்படிப்பும் சிறிய வீட்டுக்கான முன்பணமும் அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கின்றன.

என் மூத்த மகள் எஸ்.பி.எம். எழுதும் ஆண்டு 2027. அவள் படிப்புச் செலவு தொடங்குமுன் காரின் தவணை முடிந்துவிட வேண்டும் என்பதே நானும் என் மனைவியும் போட்ட எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்குள் அடங்கியது ஐந்தாண்டு ஓடிய பழைய கார்தான். எந்த நிறுவனத்தின் கார் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இனி பல்லைப் பிடித்துப் பார்க்கும் கதைக்கு வருவோம்.

2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்ததும், எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கியதும் நினைவிருக்கும். நாங்கள் கார் தேடியது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு. பட்டணத்தில் ஒரு கடையில் பளபளவென்று ஒரு வண்டி நின்றது. என் மனைவிக்கு நிறம் பிடித்துவிட்டது. எங்களுடன் வந்த போமன், பேசாமல் பின் இருக்கையின் இடைவாரைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றின் கோடு! உதிரி டயரைத் தூக்கினார், அடியில் துரு. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளிலும் துரு. "சார், வாங்க போகலாம்" என்றார். அவ்வளவுதான். அவருக்குக் கொடுத்த 100 வெள்ளி எங்கள் குடும்பத்தைக் காத்தது.

அன்று அவரிடம் கற்ற பாடங்களை உங்களுக்கும் சொல்கிறேன். இரவிலோ மழையிலோ கார் பார்க்காதீர்கள். கீறலும் பெயிண்ட் வேறுபாடும் தெரியாது. கதவு, முன்மூடி ஆகியவற்றின் இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவாக உள்ளனவா என்று பாருங்கள். முன்மூடியின் திருகாணிகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். மீட்டர் 50,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது என்றால் மீட்டரை நம்ப வேண்டாம், மிதியை நம்புங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே இயக்கிப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று கொள்ளலாம். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. கிராண்டில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் செம்மண் சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நம் தோட்டத்துக் குழிகளில் கடகடவென்று சத்தம் போடாத வண்டி எங்கும் ஓடும்.

எஞ்சினின் அளவையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 1,500 சிசி தனியார் காருக்கு ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி. 1,800 சிசி என்றால் ஏறக்குறைய 280. 2,000 சிசி என்றால் 380ஐ ஒட்டி வரும். பெரிய எஞ்சின் கொண்ட பழைய கார் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று மயங்குபவர்கள், பெட்ரோலும் டயரும் உதிரிப் பாகமும் அதே போல் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. யானையை இனாமாகக் கொடுத்தாலும் தீனி நம்முடையதுதானே!

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "சம்போங் பாயார்" என்று ஒரு வழக்கம் நம் மக்களிடையே பரவியிருக்கிறது. ஒருவர் பெயரில் உள்ள கடனை இன்னொருவர் தொடர்ந்து கட்டிக்கொண்டு, காரை வைத்துக்கொள்வது. பெயர் மாற்றமில்லை, வங்கியின் ஒப்புதலுமில்லை. கடைசித் தவணை கட்டி முடிக்கும் வரை வண்டிக்கு உரிமையாளர் வங்கியே. வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தின்படி குற்றம். மலிவு என்று இதில் கால் வைத்தவர்கள் பணத்தையும் இழந்து வண்டியையும் இழந்து நிற்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, பழைய கார்தான் எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்லவருகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அவருக்கு வயது 54. மகன் என்னிடம் படித்தவன், இப்போது தொழிற்சாலையில் 2,400 வெள்ளிச் சம்பளம். 80,000 வெள்ளிப் புதுக் கார் வேண்டும், 9 ஆண்டுக் கடன், அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று நின்றான். மூவரும் தாளோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்கு அறுபது வயதாக இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"ஆறு வருஷம் சார்."

"கார்க் கடன் முடிய?"

அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "அப்போ தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களே சார். காடியிலயா குடும்பம் நடத்துறது?"

அந்தத் தாயின் கேள்விக்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? தகப்பனுக்கு அந்த வயதில் நீண்ட காலத்துக்கு வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். மகன் பெயரில்தான் வாங்க வேண்டும். அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்கே போனால், வீட்டுக்கு வங்கி என்ன கொடுக்கும்? தகப்பன் ஜாமீன் போட்டு, மகன் ஒரு மாதம் தவறினால் அந்தச் சுமை அவர் தலையிலும் விழும்.

பையன் முகம் வாடிவிட்டது. பழைய கார் பார்க்கலாமா என்றேன். "இரவு வேலை சார். நடு ராத்திரி செம்பனைக் காட்டுக்குள்ள வண்டி நின்னுடுச்சுன்னா?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்கு நம்பகமான வண்டி வேண்டும். கையில் 150 வெள்ளி எடுத்து வைத்துப் பழுது பார்க்கவும், போமனைத் தேடி அலையவும் அவனுக்கு நேரமில்லை.

மீண்டும் கணக்குப் போட்டோம். நடுத்தரக் காருக்கு ஒரு படி குறைந்த சிறிய செடான், புதிது, 44,000 வெள்ளி. முன்பணம் 4,400. மீதி 39,600க்கு 3 விழுக்காட்டில் 7 ஆண்டு. மாதம் ஏறக்குறைய 570 வெள்ளி. நிறுவன உத்தரவாதம் உண்டு. ஜாமீன் தேவைப்படவில்லை, கடன் அவன் பெயரில் மட்டும். மேலே தப்பிய 277 வெள்ளியை மாதந்தோறும் வீட்டுக்கென்று சேமிப்பில் போடுவதாக அம்மாவின் முன் ஒப்புக்கொண்டான். ஆறு ஆண்டில் அது 19,944 வெள்ளி. தகப்பன் கத்தியைக் கீழே வைக்கும் நாளில் ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணம் தயாராக இருக்கும்.

எங்களுக்குப் பழையது பொருந்தியது. அவர்களுக்குப் புதியது பொருந்தியது. இருவரும் பார்த்தது ஒன்றைத்தான்: நம் குடும்பத்தில் வரப்போகும் பெரிய செலவு எது, அது எந்த ஆண்டு வரும், அதற்கு முன் இந்தத் தவணை தீருமா? பெண்ணின் திருமணமா, பையனின் கல்லூரியா, தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறும் நாளா? அந்த ஆண்டை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கார்க் கடைக்குப் போங்கள். விற்பவர் மாதம் எவ்வளவு என்று மட்டுமே பேசுவார். நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? எந்த மாதம், எந்த ஆண்டு முடியும்?

விற்பவர் எழுதிக் கொடுக்கும் ஆண்டு, உங்கள் தாளில் உள்ள ஆண்டைத் தாண்டிப் போனால், காரின் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். அடுத்த கடையில் சிறியதோ பழையதோ, உங்கள் கணக்குக்குள் அடங்கும் வண்டி ஒன்று இருக்கவே செய்யும்.