சபா இல்லாத ஊரில் இசை எழுதக் கற்றல்

இசை இதழியல் என்னும் துறை கச்சேரி மதிப்புரையைவிட அகலமானது. கலைஞரை நேர்காண்பதும், ஒலிப்பதிவுகளை ஆராய்வதும், ஒரு மரபின் வரலாற்றைப் பொது வாசகருக்கு விளங்கும்படி சொல்வதும் அதனுள் அடங்கும். எனினும் அதைக் கற்கப் புகும் தமிழ் மாணவர் பெரும்பாலும் சென்னையின் மார்கழிக் கச்சேரியின் மதிப்புரையிலிருந்தே தொடங்குகிறார். சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், வளைகுடாக் கரையோரத் தொழில் நகரான ஜுபைலில் வளரும் மாணவருக்கு அந்தத் தொடக்கமே கடினமானது. சென்னையில் மாலை 6.30 மணிக்குக் கச்சேரி தொடங்கும்போது ஜுபைலில் மணி 4. வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகையால், சென்னை அரங்குகள் நிறையும் ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளி நாளாகவும் வேலை நாளாகவும் கழிகிறது. ஆகவே அவர் கேட்பது பெரும்பாலும் பதிவையே. அதுவும் இரவில், காதொலிக் கருவியில்.

பதிவைக் கேட்டு எழுதுபவர் முதலில் உணர வேண்டியது, தமக்கும் பாடகருக்கும் இடையே ஒலிப்பொறியாளர் ஒருவர் இருக்கிறார் என்பதை. ஒவ்வொரு ஒலிவாங்கியின் அளவையும் கூட்டிக் குறைத்து அவர் அமைத்த கலவையே கேட்பவர் காதுக்கு வருகிறது என்பதால், மிருதங்கம் குரலை அமுக்கிவிட்டது என்று எழுதும் மாணவர் அது அரங்கில் நேர்ந்ததா, பதிவில் நேர்ந்ததா என்று அறிய வழியில்லை. ஆனால் அரங்கில் அமர்ந்தவருக்குக் கிட்டாத ஒரு வசதியும் பதிவில் உண்டு. ஒரு பகுதியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ராகத்தைச் சொற்களின்றி விரிக்கும் ஆலாபனை எவ்வளவு நேரம் நீண்டது, பாடலின் ஓர் அடியைத் தாளத்துக்குள் நிறுத்திப் பலவாறாகப் பாடும் நிரவலுக்குப் பாடகர் எந்த அடியைத் தேர்ந்தார், தாளக் கருவியாளர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எந்த நடையிலிருந்து எந்த நடைக்கு மாறியது என்பவற்றைப் பொறுமையாகக் குறித்துப் பழகும் மாணவரிடம், மெய்ம்மறக்கச் செய்தது, தேனாய்ப் பாய்ந்தது போன்ற தொடர்கள் தாமே குறைந்துவிடுகின்றன. வருணனைக்குப் பிறகே தீர்ப்பு என்னும் இந்த ஒழுங்கு, எந்தப் பாடத்திட்டம் கற்பிப்பதைக் காட்டிலும் அடிப்படையானது.

இத்துறையில் தமிழுக்குக் கிடைத்த பெரிய முன்னோடி கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 1920-களில் திரு.வி.க.வின் நவசக்தியில் எழுத்துப்பணி பழகிய அவர், பின்னர் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியபோது, இலக்கணம் அறியாத ரசிகரும் கச்சேரியைப் பற்றிக் கருத்துக் கொள்ளலாம் என்ற துணிவை வாசகருக்கு அளித்தார். அவரிடமிருந்து மாணவர் கற்க வேண்டியது தெளிந்த நடை மட்டுமன்று. 1941-இல் அவரோடு சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கிய டி. சதாசிவம், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர்; இதழின் முதலீட்டுக்காகவே எம்.எஸ். ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். இந்த நெருக்கம் கல்கியின் இசை எழுத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. ஆனால், அதை அறிந்தே வாசிக்க வேண்டும். எழுதுபவர் யாருக்கு வேண்டியவர் என்பதை வாசகர் தெரிந்துகொள்ளும் உரிமை, ஒருவரையொருவர் அறிந்த சிறிய புலம்பெயர் சமூகத்தில் எழுதத் தொடங்கும் மாணவருக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

விமர்சகர் சென்னையில்தான் உருவாக முடியும் என்பதும் உண்மையன்று. நாளிதழ்களில் கலை விமர்சனத்துக்குப் பெயர்பெற்ற சுப்புடு, பர்மாவில் வாழ்ந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியா திரும்பி, தில்லியில் அரசுப்பணி பார்த்துக்கொண்டே ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதியவர்.

ஆகவே, ஜுபைல் மாணவரின் முதல் தேர்ந்த கட்டுரை மார்கழியைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. தாம் வாழும் கரையின் இசையைப் பற்றியதாக இருப்பதே தகும். 1975-இல் அமைந்த அரச ஆணையத்தின் வழியே தொழில் நகராக வளர்வதற்கு முன், ஜுபைல் மீன்பிடிப்பும் முத்துக்குளிப்பும் நடந்த சிற்றூர். முத்துக்குளிப்போர் வளர்த்த இசை வடிவம் ஃபிஜிரி எனப்படுகிறது. ஆடவர் வட்டமாக அமர்ந்து முழவுகளும் விரல்மணிகளும் ஒலிக்கக் கூட்டாகப் பாட, நஹ்ஹாம் எனப்படும் தலைமைப் பாடகரின் குரல் அதற்கு மேலே எழுகிறது. பஹ்ரைனின் முஹர்ரக் தீவில் தோன்றியதாகக் கருதப்படும் இக்கலையை யுனெஸ்கோ 2021-இல் மானுட அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1986-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே, ஜுபைலிலிருந்து காரில் போய்வரும் தொலைவில்தான் முஹர்ரக் இருக்கிறது.

இந்த இசையில் ஜஹ்லா என்னும் மண்பானையும் உண்டு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த மாணவருக்கு அதைக் கண்டவுடன் கடம் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த ஒப்புமை வாசகரை அருகே அழைத்துவரும்; ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் தவறாக வழிநடத்தும். தனி ஆவர்த்தனத்தில் சொற்கட்டுகளை விரித்து மிருதங்கத்தோடு உரையாடும் கடத்தின் பணி வேறு, கூட்டுப்பாடலின் தாளத்துக்குள் அடங்கி ஒலிக்கும் ஜஹ்லாவின் பணி வேறு. அந்த வேற்றுமையைச் சொல்லும் வாக்கியத்தை எழுத முயலும்போதே மாணவரின் காது கூர்மையடைகிறது.

இந்த வழியில் முன்னே சென்றவர் ஒருவரும் உண்டு. டென்மார்க்கின் இசையமைப்பாளரும் நாளிதழ் இசை விமர்சகருமான போல் ரோவ்ஸிங் ஓல்ஸன் (1922–1982) பஹ்ரைனுக்கு வந்து முத்துக்குளிப்போரின் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றைப் பற்றிய அவரது நூல் அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2002-இல் வெளியாயிற்று. மறுநாள் காலைக்குள் மதிப்புரை எழுதிப் பழகிய ஒருவர், உடனே அச்சேறாத இத்தகைய பணியில் இறங்கியது போற்றத்தக்கது.

சவுதி அரேபியாவில் 2016-இல் பொதுக் கேளிக்கை ஆணையம் அமைந்தபின் கச்சேரிகள் பெருகியுள்ளன. தஹ்ரானில் உள்ள இத்ரா பண்பாட்டு மையமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆதலால் நேரில் கேட்கும் வாய்ப்பு இன்றைய மாணவருக்கு முந்தைய தலைமுறையினரைவிட அதிகம். அவருக்குத் தேவை அரபு மொழியில் சிறிது பயிற்சியும், கேள்வி கேட்கும் முறையில் பெரிய கவனமும். யாரிடம் கற்றீர்கள், எந்த வேளையில் பாடினீர்கள், இந்தப் பானையைச் செய்தவர் யார் என்னும் எளிய கேள்விகளே முதிய பாடகரைப் பேசவைக்கும். அக்கேள்விகளை ஒருமுறை இங்கே கேட்டுப் பழகியவர் பின்னாளில் சென்னைக்குப் போனால், பாடகரின் ராகத் தேர்வோடு நின்றுவிடாமல், மானாமதுரையில் கடம் செய்யும் குயவரையும் தேடிச் செல்வார். மார்கழி மதிப்புரைகளில் அந்தக் குயவருக்கு இதுவரை கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு.