ஹாப்ஸ்: கசப்பும் உறக்கமும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்குப் பீரின் கசப்போடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அக்கசப்பைத் தரும் ஹாப்ஸ் கொடி மதுவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மருத்துவத்தில் அது நெடுங்காலமாகவே உறக்க மூலிகை.

இதன் தாவரவியற் பெயர் ஹ்யூமுலஸ் லூபுலஸ். இலத்தீனில் லூபுலஸ் என்றால் சிறு ஓநாய். கஞ்சாச் செடியின் குடும்பமே எனினும், கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. ஜெர்மனியின் ஹல்லர்டாவ் பகுதியில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்துக்குக் கம்பிகளைப் பற்றி ஏறுகிறது. (கொழுகொம்பு என்னும் நம் சொல் அக்கம்பிகளுக்கு எத்துணைப் பொருத்தம்!) பெண்கொடியில் கூம்பு வடிவப் பூங்கொத்துகள் தொங்கும், அவற்றின் செதில்களுக்கு அடியில் லூபுலின் எனப்படும் மஞ்சள் துகள் இருக்கும். கசப்பும் மணமும் பெரிதும் அத்துகளில்தான்.

துகளில் உள்ள ஹ்யூமுலோன், லூபுலோன் ஆகிய கசப்பு அமிலங்கள் பலவகை நுண்ணுயிரிகளை வளரவிடா. பானம் கெடாமல் காக்கும் இப்பண்பை 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதிவைத்தார். கூடவே, இது மனிதருக்கு மனச்சோர்வை மிகுவிக்கும் என்றும் குறை கூறினார். பிற்காலத்தார் அதே கொத்துகளைத் தலையணைக்குள் அடைத்து நிம்மதி தேடினர்!

உறக்கத்துக்குக் காரணம் எது? புதிதாகப் பறித்த கொத்தில் மிகச் சிறிதளவே இருக்கும் மெத்தில்பியூட்டெனால் என்ற ஆவியாகும் பொருள், சேமிப்பின்போது கசப்பு அமிலங்கள் சிதையச் சிதையப் பெருகுகிறது. விலங்குகளில் அது மயக்கம் தந்ததுண்டு. எனினும் ஒரு கோப்பைக் கஷாயத்தில் உள்ள அளவு அதற்குப் போதாது. ஐரோப்பிய மருந்து முகமை ஹாப்ஸை ஏற்றிருப்பதும் நெடுநாள் வழக்கின் அடிப்படையில்தான். சோதனைகளில் உறுதிப்பட்ட மருந்தாக அன்று. கடைகளில் பெரும்பாலும் வலேரியன் வேருடன் சேர்த்தே விற்கிறார்கள்.

அத்தகைய புட்டி ஒன்றை ஜெர்மனியிலிருந்து வந்த உறவினர் என் தமக்கைக்குத் தந்தார். ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் வகை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, இரவெல்லாம் விழித்துக்கிடந்த காலம் அது. "மூலிகைதானே தம்பி, என்ன செய்துவிடப் போகிறது?" என்றார்.

வினாவுக்கு விடை அதே மஞ்சள் துகளில் இருக்கிறது. ஹாப்ஸ் பறிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு மாறுவதாக ஜெர்மனியில் பழைய பேச்சு உண்டு. 1999இல், 8-பிரீனைல்நாரிஞ்செனின் என்ற பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதாக ஆய்வாளர் கண்டனர். தாவரங்களில் அறியப்பட்ட இத்தகைய பொருள்களுள் மிக வலியவற்றில் இதுவும் ஒன்று. பீரில் இதன் அளவு மிகக் குறைவு. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களின் உடற்சூட்டுக்கென விற்கப்படும் ஹாப்ஸ் மாத்திரைகள் சில, இப்பொருளின் அளவைக் குறித்தே தயாராகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹாப்ஸில் உள்ள ஐசோசாந்தோஹ்யூமோல் என்ற பொருளைக் குடல் நுண்ணுயிரிகளும் 8-பிரீனைல்நாரிஞ்செனினாக மாற்றுகின்றன. அம்மாற்றம் சிலர் குடலில் மிகுதி, சிலர் குடலில் சொற்பம். புட்டியின் மேல் அச்சிட்ட அளவைக் கொண்டு உடலுக்குள் உருவாகும் அளவைக் கணக்கிட இயலாது. தமக்கையின் மருத்துவர் பெயர்ச்சீட்டைப் படித்தார். வலேரியனைப் பற்றி ஏதும் சொல்லவில்லை, ஹாப்ஸ் என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இது வேண்டாம் அம்மா" என்றார்.